நாலரையின் நாலாவது பாட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பல் டாக்டர் ஒரு ரெக்கார்டு பிளேயரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியதே தவிர, மனுஷன் பெட்டியைக் கீழே வைப்பதாக இல்லை. எங்கே வைத்தால் ஆடாமல் இருக்கும் என்று வீடு முழுக்கக் கண்ணால் துழாவி, கடைசியில் இஸ்திரி மேசைதான் சரி என்று முடிவு செய்தார். அப்புறம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கினார். குடிக்கவில்லை. மேசை மேல் வைத்துத் தண்ணீர் அசைகிறதா என்று குனிந்து பார்த்தார். பைத்தியத்தில் பல வகை உண்டு, இது சாதுவான வகை என்று ஆப்பரேட்டர் அக்கா விட்டுவிட்டாள்.

அக்காவுக்கு வயது எழுபத்தைந்து. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவள். ரிட்டையர் ஆகி இத்தனை காலம் கழித்தும் அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவள் ஆப்பரேட்டர் அக்காதான். டாக்டருக்குப் பல் பிடுங்குவது பிழைப்பு, யாரும் சீண்டாத பழைய இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடி வெளியிடுவது பித்து. இப்போது அவர் வந்திருப்பது ஒரு கையெழுத்துக்காக. அக்காவின் தம்பி பாடிய ஒரே ஒரு இசைத்தட்டு இருக்கிறது. அவன் செத்து நாற்பத்தெட்டு வருஷம் ஆகிறது. வாரிசு என்று சொல்ல அவளை விட்டால் ஆள் இல்லை.

தம்பிக்குத் தலை முடியால் 'சுருட்டை' என்று பேர். அவனும் அவன் சேர்க்கையும் எழுபதுகளில் ஒரு ராக் பேண்டு வைத்திருந்தார்கள். நாலு பேர் ஒழுங்காக வருவார்கள், ஆர்கன் வாசிக்கிறவன் அவன் ஆபீசில் லீவு கிடைத்தால் வருவான். அதனால் பேண்டுக்குப் பேரே 'நாலரை' என்று வைத்துவிட்டார்கள். "நாலரை இல்லடா, ஏழரை" என்று அப்பா சொல்வார். ஊரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது. ஐந்நூறு தட்டு அடித்தார்கள். விற்றது நூறு இருக்கும். மீதி டிரம்மர் வீட்டுப் பரணில் கிடந்து, பிற்பாடு டாக்டர் வழியாக அவரைப் போன்ற பித்துக்காரர்கள் கைக்குப் போனது.

"அந்தக் காலத்துல எல்லாப் பேண்டும் ஓடிக்கிட்டிருந்தாங்கம்மா," என்றார் டாக்டர், ஊசியைத் தட்டின் மேல் இறக்கியபடி. "யார் முதல்ல போய்ச் சேர்றதுங்கிற மாதிரி. இவங்க மட்டும்தான் நடந்தாங்க. கேளுங்க, கிட்டார் வந்தாச்சு, டிரம் இன்னும் வரல. வருமா வராதான்னு இருக்கும். இந்தா, வந்துடுச்சு பாத்தீங்களா. அவசரமே கிடையாது. இருபத்திமூணு வயசுப் பையனுக்கு இந்த நிதானம் எங்கேயிருந்து வந்துச்சு? அறுபது வயசு ஆள் வாழ்ந்து முடிச்சுட்டுப் பாடுற மாதிரிப் பாடறார். இதைக் கேட்டுட்டு எத்தனை பேர் எனக்குக் கடுதாசி எழுதறாங்க தெரியுமா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அக்கா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறக்கையில் தூசி படிந்திருந்தது, ஏணி கேட்டு வாங்க வேண்டும் என்று நினைத்தாள். தட்டிலிருந்து வந்த குரல் அவளை ஒன்றும் செய்யவில்லை. யாரோ ஒரு கனத்த ஆள் பாடினான். நன்றாகத்தான் பாடினான்.

இது இன்று நேற்று வந்த சங்கதி இல்லை. தட்டு வெளிவந்த நாளிலிருந்தே இப்படித்தான். முதல் தடவை வீட்டில் போட்டபோது அம்மா சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள், சித்தி அழுதாள், பக்கத்து வீட்டுக்காரி சுருட்டையைத் திட்டித் தீர்த்தவள், அவள்கூட அழுதாள். அக்கா எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். "கல் நெஞ்சுக்காரி" என்று சித்தி சொன்னது அடுப்படி வரை கேட்டது. அக்காவும் அப்படித்தான் போலிருக்கிறது என்று ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு 'ஹலோ'வில் ஆளைச் சொல்கிற காது அவளுக்கு. எந்த ஊர் வியாபாரி, யார் வீட்டு மருமகள், யாருக்கு ஜலதோஷம் எல்லாம் சொல்லுவாள். சொந்தத் தம்பி குரல் மட்டும் உள்ளே இறங்கவில்லை என்றால், பழுது காதில் இருக்க முடியாதே.

மூன்று பாட்டு முடிந்தது. நாலாவது பாட்டு ஒரு ரீங்காரத்தில் ஆரம்பித்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, ஒரே சுதியில் நீளமாக நின்றது. சித்தி வாய்க்குப் பயந்து அந்த முதல் நாளுக்கு அப்புறம் அக்கா தட்டைத் தொட்டதே இல்லை. அன்றும் மூன்றாவது பாட்டோடு காப்பிக்கு எழுந்து போய்விட்டவள்தான். நாலாவதை இப்போதுதான் கேட்கிறாள்.

டாக்டர் விரலை உயர்த்தினார். "இந்த இடம். இதைப் பத்தி மட்டும் மூணு பக்கம் எழுதியிருக்கேன். என்ன வாத்தியம்னே ஒருத்தருக்கும் தெரியாது. ஆர்கன்னு சிலர் சொல்றாங்க. கிட்டார்ல வில் போட்டு இழுத்திருக்காங்கன்னு ஒரு கோஷ்டி. சாவோட சத்தம்னு ஒருத்தர் எழுதினார், நான் சண்டைக்குப் போனேன். அது காத்திருக்கிறதோட சத்தம்னு எழுதினேன்."

"டயல் டோன்," என்றாள் அக்கா.

"என்னதும்மா?"

"போனை எடுத்துக் காதுல வச்சா வருமே, அது. ஸ்டூடியோ போன்ல மைக்கை வச்சுப் பிடிச்சிருக்கான், கிறுக்கன்."

டாக்டர் வாயைத் திறந்தபடியே நின்றார். மற்றவர்களை அப்படி இருக்கச் சொல்லிப் பழகியவர்.

"ஆனா தப்பா இருக்கு," என்றாள் அக்கா. "சுதி இறங்கிப் போய் இருக்கு. இது எங்க எக்ஸ்சேஞ்ச் டோன் இல்ல."

"வேற எக்ஸ்சேஞ்சா இருக்கலாமே?"

"அந்த ஸ்டூடியோ எங்க எக்ஸ்சேஞ்ச்தான். டோன் மாறவே மாறாதுங்க. ஊர் பூரா கரண்டு போனாலும் எங்களுக்குப் பேட்டரி ஓடும்." பாட்டுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். பிறந்தநாளுக்குப் பாடும் நாலு வரிகூட அவளுக்குச் சுதியில் நிற்காது. ஆனால் இப்போது வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரு இழுப்பு இழுத்தாள். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை, முப்பத்தோரு வருஷம் கேட்டது. தட்டில் வந்ததை விட அது ஒரு படிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. டாக்டர் ஊசியைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தார். அவள் மறுபடி இழுத்தாள். மூன்று தடவை செய்தார்கள். மூன்று தடவையும் அவள் அதே இடத்தில்தான் நின்றாள்.

"டோன் கீழ இருக்குன்னா," டாக்டர் மெதுவாகச் சொன்னார், "பாட்டு மொத்தமும் கீழ இருக்கு. தட்டே மெதுவா ஓடுது. நடந்தாங்கன்னு எழுதினேனே."

"அப்ப இது அவன் குரல் இல்ல."

"அவர்தாம்மா பாடறார்."

"அவன்தான் பாடறான். குரல் அவனோடது இல்ல."

அக்காவுக்கு அப்போது பயமாக இருந்தது. சந்தோஷம் வந்திருக்க வேண்டிய இடம், வந்தது பயம். கல் என்று ஒத்துக்கொண்டு வாழ்வதில் ஒரு சௌகரியம் உண்டு. நாற்பத்தெட்டு வருஷம் அந்தச் சௌகரியத்தில் ஓட்டியாயிற்று. இனி சரியான குரலையும் கேட்டு, அப்போதும் ஒன்றும் வரவில்லை என்றால், சொல்லிக்கொள்ள ஒரு சாக்குக்கூட மிஞ்சாது.

மறுநாள் இருவரும் டிரம்மரைப் பார்க்கப் போனார்கள். பேண்டில் உயிரோடு இருப்பது அவர் ஒருத்தர்தான். மெத்தைக் கடை வைத்திருக்கிறார். ஒரு காதில் மெஷின். கடைக்குள் எதைப் பேசினாலும் மெத்தைகள் குடித்துவிடும், அதனால் பக்கத்தில் போய்ப் பேச வேண்டும்.

"அக்கா, வாங்க, உக்காருங்க. அதுல வேணாம், அது ஸ்பிரிங், அமுங்கிடுவீங்க. இதுல உக்காருங்க."

டாக்டர் விஷயத்தைச் சொன்னார். டிரம்மர் காது மெஷினைக் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டிக்கொண்டார். கேட்கவில்லை என்பதற்காக இல்லை, யோசிக்க நேரம் வேண்டும்.

"ரெக்கார்டிங் அன்னிக்குக் கரண்டு போயிடுச்சு," என்றார். "ஸ்டூடியோக்காரர் பக்கத்து மரக்கடையிலிருந்து ஜெனரேட்டரை இரவல் வாங்கிட்டு வந்தார். மரக்கடைக்காரன் ரம்பம் நல்லாச் சுத்தணும்னு அதை முறுக்கி வச்சிருந்திருக்கான். எங்களுக்கென்ன தெரியும்? பல்பெல்லாம் கண்ணு கூசுற மாதிரி எரிஞ்சுது. ஆஹா, என்ன கரண்டுடா இதுன்னு சுருட்டை கையெடுத்துக் கும்பிட்டான்."

"டேப் மெஷினும் வேகமா ஓடியிருக்கும்," என்றார் டாக்டர்.

"ஓடியிருக்கும். அங்கேயே போட்டுக் கேட்டப்ப சரியாத்தான் இருந்துச்சு, அதே ஜெனரேட்டர்தானே. தட்டு அடிக்கிற ஊர்ல ஒழுங்கான கரண்டு. வேகமாப் பதிஞ்சது அங்க மெதுவா வந்திருக்கும். வினை அதுதான்."

"தட்டு வந்ததும் தெரியலையா உங்களுக்கு?" என்று அக்கா கேட்டாள்.

டிரம்மர் மெத்தை உறையின் சுருக்கத்தை நீவிவிட்டபடி சொன்னார். டேப்பைத் தட்டு அடிக்கும் ஊருக்கு எடுத்துப் போனது சுருட்டைதான். ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது வேன் கவிழ்ந்தது. தட்டு வந்து சேர்ந்தபோது அவன் போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. "நாங்க மூணு பேரும் என் வீட்டு மாடியில உக்காந்து போட்டோம். மந்தமா, இழுத்துக்கிட்டு, எங்க பாட்டு மாதிரியே இல்ல. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்தோம். துக்கத்துல கேக்கறோம், அதான் இப்படிக் கேக்குதுன்னு நெனச்சோம் அக்கா. மூணு பேரும் அதையேதான் நெனச்சோம். வாய்விட்டுச் சொல்லிக்கல."

டாக்டர் கையிலிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அதை இப்பத் திருத்தாதீங்க," என்றார் டிரம்மர் திடீரென்று. "டாக்டர், நீங்கதானே எழுதினீங்க, இந்த டிரம்மர் மாதிரிப் பொறுமை எவனுக்கும் கிடையாதுன்னு? எனக்குப் பொறுமையா? என் பொண்டாட்டி கேட்டா சிரிப்பா. நான் எப்பவுமே முந்திக்கிட்டு அடிக்கிற ஆளு, சுருட்டை குச்சியைப் பிடுங்கி எறிவான். இருந்த காலத்துல எங்களை ஒரு நாய் சீண்டல. இப்ப எங்கெங்கேயோ இருந்து எழுதறாங்க. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாரா வந்துடுச்சு, இருந்துட்டுப் போகட்டுமே."

அக்காவுக்கு டிரம்மர் மேல் கோபம் வரவில்லை. கோபமும் மற்றதெல்லாம் போன வழியில் எப்போதோ போயிருந்தது.

"எனக்கு ஆட்சேபணை இல்ல," என்றாள். "ஊருக்கு அது பிடிச்சிருந்தா ஊருக்கு அது. காகிதத்தைக் குடுங்க, கையெழுத்துப் போடறேன். ஒரே ஒரு தடவை எனக்குச் சரியான வேகத்துல போட்டுக் காட்டணும். அவ்வளவுதான்."

டாக்டர் பேனாவைக் கொடுத்தார். ஆனால் அவர் முகத்தில் ஈயாடவில்லை. "முப்பது வருஷமா இதைக் கேக்கறேன்மா. ஒரு தடவை மாத்திக் கேட்டுட்டா, திரும்ப இதைக் கேக்க முடியுமான்னு தெரியல."

"நீங்க வேணா வெளியில நின்னுக்குங்க," என்றாள் அக்கா.

வேன் கவிழ்ந்த அன்று காலை அவள் டியூட்டியில் இருந்தாள். பதினொன்றே கால். நெடுஞ்சாலைக் காவல் நிலையத்திலிருந்து ஒருத்தர் கூப்பிட்டார். "வேன் கவுந்து ஒரு பையன் போயிட்டான்மா, வீட்டுக்குத் தகவல் சொல்லணும், சீக்கிரம் போட்டுக் குடுங்க" என்று நம்பரைச் சொன்னார். அது அவள் வீட்டு நம்பர். அவள் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். சரிபார்க்காமல் போடக்கூடாது என்பது விதி. மணி அடித்தது. அம்மா எடுத்தாள். "டிரங்க் கால், பேசுங்க" என்றாள் அக்கா. ஆப்பரேட்டர் குரல் வேறு, வீட்டுக் குரல் வேறு. மகள் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அக்கா தன் பக்கத்துச் சாவியை மூடி, பேச்சு காதில் விழாமல் செய்துகொண்டாள். அதன் பிறகு அப்பா ஆபீசுக்கும், சித்தப்பாவுக்கும், டிரம்மர் வீட்டுக்கும் அவளே போட்டாள், அவளே சொன்னாள். மாற்று ஆள் வரவில்லை. இரண்டு மணி வரை உட்கார்ந்து ஷிப்டை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது, வேலை.

புதன்கிழமை மதியம் டாக்டர் கிளினிக்குக்கு வரச் சொன்னார். சாப்பாட்டு நேரம், நோயாளி யாரும் இல்லை. போன மாதம் சேர்ந்த நர்ஸ் உள் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். உட்கார வேறு நாற்காலி இல்லாததால் அக்காவைப் பல் பிடுங்கும் நாற்காலியிலேயே உட்காரவைத்தார். ரெக்கார்டு பிளேயர் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்துக் கல் மேடையில் இருந்தது. இது வேறு பிளேயர், ஓரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னக் குமிழ் இருந்தது. டாக்டர் வெளியே நிற்கவில்லை.

நாலாவது பாட்டில் ஊசியை வைத்தார். ரீங்காரம் வந்தது. அக்கா வாயை மூடி அவளுடைய சுதியைப் பிடித்தாள். டாக்டர் குமிழை நகர்த்தினார்.

"இன்னும்."

நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம். தாண்டிட்டீங்க. பின்னால வாங்க. நிறுத்துங்க."

அவள் தொண்டையிலிருந்ததும் தட்டிலிருந்ததும் ஒன்றாகிவிட்டது. எது எதிலிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் நிறுத்திக்கொண்டாள். டாக்டர் ஊசியைத் தூக்கி ஆரம்பத்தில் வைத்தார்.

டயல் டோன். டிரம் குச்சி என்று எல்லாரும் நினைத்திருந்த, எண் சுழற்றும் சத்தம். அப்புறம் "ஹலோ" என்றான் சுருட்டை.

அரை ஜலதோஷத்தோடு சொன்னான். வருஷம் முழுக்க அவனுக்கு அரை ஜலதோஷம்தான். பிறகு பாட ஆரம்பித்தான், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் போல, ஒரு வார்த்தை முடிவதற்குள் அடுத்ததை எடுத்துக்கொண்டு. டிரம் முந்திக்கொண்டு ஓடியது. கிட்டார் பின்னாலேயே துரத்தியது. நடுவில் எவனோ சிரித்தான். மெதுவாகக் கேட்டபோது அது இருமல் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"எவ்வளவு சின்னப் பசங்க," என்றார் டாக்டர். அவர் கல் மேடையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, என்னமா ஓடறாங்க. நல்லா இருக்கும்மா. இது அதை விட நல்லா இருக்கு. நான் ஒண்ணுமே கேட்கல இத்தனை வருஷமா."

அக்காவின் கைகள் இரண்டும் நாற்காலியின் பிடியில் இருந்தன. ஐயமே இல்லை, அவன்தான். பாட்டு முடிந்தது. டாக்டர் ஊசியை எடுத்தார்.

நர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நாற்காலியில் இருந்த முகத்தைப் பார்த்ததும், நோயாளி என்றே நினைத்து, குனிந்தாள். "என்னாச்சும்மா? ரொம்ப வலிக்குதா?"

"என் தம்பி இறந்துட்டான்," என்றாள் அக்கா.

அவள் வாயால் அவள் பேச்சாக அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் சொன்னது ஆப்பரேட்டர்.

"அடக் கடவுளே. எப்பம்மா?"

"இப்பத்தான் கேள்விப்பட்டேன்."

நர்ஸ் அக்காவின் கையைப் பிடியிலிருந்து பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். சின்னப் பெண்தான், ஆனால் இப்படி நேரத்தில் செய்ய வேண்டியது அவளுக்குத் தெரிந்திருந்தது. "வீட்டுல யார் யாருக்குச் சொல்லணும்? நம்பர் சொல்லுங்கம்மா, நான் போன் போட்டுத் தரேன்."

"எல்லாருக்கும் நான் அப்பவே சொல்லிட்டேன்மா," என்றாள் ஆப்பரேட்டர் அக்கா. "எனக்குத்தான் ஒருத்தரும் சொல்லல."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமலே பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்க தம்பியைப் பத்திச் சொல்லுங்க, எப்படி இருப்பார்?" என்று கேட்டாள். அக்கா சொல்ல ஆரம்பித்தாள். "வேகமாப் பேசுவான்" என்றாள். அதற்கு மேல் முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. டாக்டர் வெளியே போய், மூன்று மணிக்கு வரவேண்டியவரை நாளைக்கு வரச்சொல்லிப் போன் செய்தார்.